பதினாலு ஆணி

எங்க வீட்டுக்காரருக்கு பஸ் டிப்போல டைம் கீப்பர் வேலை. எந்த பஸ் எத்தனை மணிக்குன்னு நோட்டப் பாத்து அவர் விசில் அடிச்சாத்தான் டிரைவர் வண்டிய எடுக்கணும். ஒரு நிமிஷம் முன்னாலயும் கூடாது, பின்னாலயும் கூடாது. அது டிப்போவோட நின்னிருந்தா நான் ஏன் வாயத் திறக்கப் போறேன். வீட்டையும் அதே மாதிரி விசில் அடிச்சு விக்கணும்னு மனுஷன் பதினோரு வருஷமா காத்துக்கிட்டு இருந்தாரு.

குடி வந்த மறுவாரமே கேட்டுல 'விற்பனைக்கு'ன்னு போர்டு மாட்டிட்டாரு. "விலை ஏறிக்கிட்டே போகும். இனிமே ஏறாதுன்னு ஒரு நேரம் வரும் பாரு, அப்ப டக்குன்னு வித்துடணும்"னாரு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணி ஆச்சுன்னா புரோக்கருக்கு போன். அந்தாளு, "இன்னும் ஏறும் சார், அடுத்த மாசம் பாக்கலாம்"பாரு. எங்க வீட்டுல அவருக்குப் பேரே 'அடுத்த மாசம்'தான். போர்டப் பாத்துட்டு யாராவது வந்தா, "இன்னும் டைம் ஆகல"ன்னு இவரு கேட்டுலயே திருப்பி அனுப்பிடுவாரு.

சரி, விக்கிற வரைக்கும் நிம்மதியா இருக்க விட்டாரா? வாங்க வர்றவன் கண்ணுக்கு வீடு புதுசா இருக்கணுமாம். ஹாலுல யாரும் உக்காரக் கூடாது. சோபாவுக்குக் கடைக்காரன் போட்டு அனுப்பின பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்துச்சு. நாங்க மூணு பேரும் பின்னால இருக்கிற சின்ன ரூம்ல முட்டிக்கிட்டு மோதிக்கிட்டு கிடந்தோம். புகை படியும்னு வறுக்கிறது பொரிக்கிறதெல்லாம் கொல்லைப்பக்கம், மழை வந்தா குடை பிடிச்சுக்கிட்டு. இதெல்லாம்கூட பொறுத்துக்கிட்டேன். சுவத்துல ஒரு ஆணி அடிக்கக் கூடாதுன்னாரே, அதைத்தான் என்னால தாங்க முடியல.

எங்க பொண்ணு எட்டு வயசுல ஓட்டப் பந்தயத்துல ஜெயிச்சு ஒரு சுவர்க் கடிகாரம் கொண்டு வந்தா. "அம்மா, ஹாலுல மாட்டும்மா"ன்னா. "வித்துட்டு, புது வீட்டுல மாட்டலாம் பாப்பா"ன்னாரு இவரு. அன்னிக்கு பீரோவுல போர்வைக்கு நடுவுல வச்சதுதான். மணி என்னன்னு தெரியணும்னா பீரோவத் திறக்கணும். டைம் கீப்பர் வீட்டு லட்சணத்தப் பாருங்க. எனக்கு ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை. நாள் பூரா ஊர் ஜனங்க கையில குத்துறேன், என் வீட்டுச் சுவத்துல ஒரு ஆணி குத்த எனக்கு உரிமை இல்ல.

இப்ப அவளுக்கு வயசு பத்தொன்பது. வேற ஊர்ல காலேஜ் கிடைச்சிருச்சு. வர்ற திங்கக்கிழமை பஸ். கிளம்புறதுக்குள்ள ஒரு நாளாவது அவ கடிகாரம் அந்த ஹாலுல ஓடணும், அதை அவ கண்ணால பாக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டியதில்ல. கேட்டேன். கெஞ்சியும் பாத்தேன். "இப்பப் போய் ஓட்டை போடச் சொல்றியே, விலை உச்சிக்கு வர்ற நேரம்"னாரு.

அவர் சொன்ன மாதிரியே சனிக்கிழமை காலையில 'அடுத்த மாசம்' போன் பண்ணி, "சார், இதுக்கு மேல ஏறாது. ஆளை அனுப்புறேன்"னுட்டாரு. இவரு முகத்தப் பாக்கணுமே. விசில சட்டைப் பையில போட்டுக்கிட்டு வாசல்லயே நின்னாரு.

வந்தவர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில விபத்து நடந்த இடத்தையெல்லாம் சோதனை போடுற வேலை பாத்து ரிட்டையர் ஆனவர். கையில குடை. சுவரெல்லாம் தடவிப் பாத்தாரு, முகர்ந்துகூட பாத்தாரு.

"எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"பதினோரு வருஷம் சார். ஒரு ஆணி அடிச்சதில்ல," இவரு நெஞ்ச நிமித்திக்கிட்டு சொன்னாரு.

அவர் முகம் மாறிப் போச்சு. "குடும்பம் நடத்துற வீட்டுல ஒரு ஆணிகூட இல்லையா? அப்ப சுவர் ஆணி தாங்காது. மறைக்காம சொல்லுங்க."

"ஐயோ, தாங்கும் சார்."

"எப்படி நம்புறது?"

எங்க வீட்டுல சுத்தியல் ஏது? இவரு பக்கத்து வீட்டுக்கு ஓடி சுத்தியலும் ஒரு டப்பா ஆணியும் வாங்கிட்டு வந்தாரு. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஹாலுல ஒண்ணு அடிச்சாரு. அந்த ஆளு அதுல குடையத் தொங்க விட்டுப் பாத்தாரு. நின்னுச்சு. "இந்த இடம் சரி. அந்தப் பக்கம்?" அந்தப் பக்கமும் அடிச்சாரு. "பெட்ரூம்?" அடிச்சாரு. "சமையக்கட்டு?" அடிச்சாரு. ரோஷம் வந்துட்டா இவர நிறுத்த முடியாது. பதினாலு ஆணி. நானும் பொண்ணும் வாயப் பொத்திக்கிட்டு நின்னோம், சிரிப்பா அழுகையான்னு எங்களுக்கே தெரியல.

கடைசியில அவர் சுத்திப் பாத்துட்டு, "இத்தனை ஓட்டை போட்ட வீட்ட எவன் சார் வாங்குவான்?"னுட்டுப் போயே போயிட்டாரு.

இவரு சோபாவுல பொத்துன்னு உக்காந்தாரு. பிளாஸ்டிக் சரசரன்னுச்சு. பதினோரு வருஷத்துல மொத தடவை. பாவமாத்தான் இருந்துச்சு, ஆனா நான் நிக்கல. நேரா பீரோவுக்குப் போய் கடிகாரத்த எடுத்து மாட்டினேன். பொண்ணு கண்ணாடி, பை, தொப்பின்னு கையில கிடைச்சதையெல்லாம் மாட்டினா. அப்புறம் கத்திரிக்கோல எடுத்து அப்பாவ எழுப்பிவிட்டுட்டு, சோபா உறைய நறுக்குனு கிழிச்சா. ஃபேனப் போட்டுட்டு உக்காந்து மேல பாத்தா.

"அப்பா, இங்க இவ்வளவு காத்து வருமா?"

அவரு போய் ஃபேன இன்னும் கொஞ்சம் கூட்டி வச்சாரு.

ஞாயித்துக்கிழமை நாங்க மூணு பேரும் ஹாலுல பொண்ணோட பெட்டியப் பரப்பி வச்சு, போர்வை ஒண்ணா ரெண்டான்னு சண்டை போட்டுக்கிட்டு இருந்தோம். இன்ஷூரன்ஸ்காரர் ஆணியில தொங்க விட்டு மறந்துட்டுப் போன குடைய எடுக்க வந்தாரு. உள்ள வந்தவர் அப்படியே நின்னுட்டாரு. சோபாவுல உக்காந்தாரு. தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சாரு.

"நேத்து ஏதோ பூட்டிக் கிடந்த வீடு மாதிரி இருந்துச்சு. இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு. நீங்க கேட்ட விலையே தர்றேன்."

இவரு பதினோரு வருஷமா காத்திருந்த நேரம் இதுதானே. வித்துத் தொலைங்கன்னு நூறு தடவை திட்டினவ நான்தான். இப்ப வேண்டாம்னு சொல்லணும் போல இருக்கு, எந்த வாயால சொல்றது? பொண்ணு மடிச்ச போர்வைய மடியில வச்சுக்கிட்டு அப்பாவையே பாத்தா.

இவரு சட்டைப் பையில கைய விட்டாரு. விசில் வெளிய வந்துச்சு. தலையத் தூக்கி சுவத்துல மணியப் பாத்தாரு. சரியா நாலு.

"இப்ப டைம் சரியில்ல சார்."

"அப்ப எப்ப?"

"அடுத்த மாசம் பாக்கலாம்."

அவர் முணுமுணுத்துக்கிட்டே குடைய எடுத்துக்கிட்டுப் போனாரு. காலியான ஆணியில இவரு விசில மாட்டினாரு.

மறுநாள் பொண்ண ஏத்திவிட டிப்போவுக்குப் போனோம். அவ ஏறி ஜன்னலோரமா உக்காந்தா. கிளம்புற நேரத்துக்கு இவரு பையில கைய விட்டாரு, விசில் இல்ல. வீட்டுச் சுவத்துல தொங்குது. விசில் இல்லாம எடுக்க மாட்டேன்னு டிரைவர் கைய விரிச்சுட்டாரு, இவரு போட்ட சட்டம்தானே. ஒரு பையன சைக்கிள்ல வீட்டுக்கு அனுப்பி எடுத்துட்டு வர்ற வரைக்கும், இவரு ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு பொண்ணோட பேசிக்கிட்டே நின்னாரு. பஸ் இருபது நிமிஷம் லேட்டா கிளம்புச்சு.