மச்சான் பகிடி

தற்காப்புப் பயிற்சிக்கு இருபது பெண்கள் வந்தாலே பெரிய காரியம் என்றுதான் இலட்சுமிப்பிள்ளை நினைத்திருந்தாள். வந்து நின்றதோ ஐம்பத்திரண்டு பேர். பழுகாமத்துப் பல்தேவைக் கட்டடத்தில் கதிரை போதவில்லை. பாதிப் பேர் சுவரோரமாகக் காலை நீட்டி இருந்துவிட்டார்கள். மாதர் சங்கத் தலைவி என்ற முறையில் மைக்கைப் பிடிக்கிற வேலை இலட்சுமிப்பிள்ளையுடையது. மைக் கையில் வந்தால் அவளை நிறுத்த ஆள் கிடையாது. வராவிட்டாலும் கிடையாது. செத்த வீட்டுக்குப் போனாலும் நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் எழும்புவாள் என்று ஊர் சொல்லும். அதை அவளும் பெருமையாகத்தான் எடுத்துக்கொள்வாள்.

“பொண்டுகளே, இண்டையிலிருந்து நம்மட புருஷன்மாருக்குத்தான் பாதுகாப்பு வேணும்,” என்றாள் மைக்கில். கட்டடம் அதிரச் சிரித்தார்கள்.

பயிற்சி கொடுக்க மட்டக்களப்பு டவுனிலிருந்து வந்திருந்தவள் விதுர்ஷா. இருபத்தெட்டு வயதுக்கு மேல் இராது. கராத்தேயில் கறுப்புப் பட்டி எடுத்தவள் என்றார்கள். பார்த்தால் தபால் கந்தோரில் முத்திரை விற்கிற பிள்ளை மாதிரித்தான் இருந்தாள். பெண்கள் சிரித்து அடங்கும்வரை பேசாமல் நின்றாள். பிறகு மெதுவாகத் தொடங்கினாள்.

“ஆரும் கையப் பிடிச்சா நாங்க உடன பின்னால இழுப்பம். இழுத்தா வராது. அவன்ட பிடியில பலமில்லாத இடம் பெருவிரல் பக்கம். அந்தப் பக்கமா மணிக்கட்டத் திருப்பி, முழங்கைய முன்னுக்குக் கொண்டுவந்து, ஒரே வெட்டா எடுக்கணும். எடுக்கிற நேரம் வாயும் வேலை செய்யணும். ‘விடு’ எண்டு சொல்லணும். கெஞ்சப்படாது. சொல்லணும்.”

ஐம்பத்திரண்டு பேரும் சொல்லிப் பார்த்தார்கள். முதல் தடவை கோயிலில் அரோகரா போடுவதைப் போல இழுபட்டது. நாலாம் தடவை கூரைக்குள் இருந்த புறாக்கள் பயந்து பறந்தன.

இரண்டாம் வரிசையில் இருந்த தனுஷியாவின் வாயிலிருந்து மட்டும் சத்தம் வரவில்லை. இலட்சுமிப்பிள்ளையின் ஒரே மகள், வயது இருபது. சித்திரை மாதத்து வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, மடியில் இரண்டு கையையும் பொத்தி வைத்துக்கொண்டு இருந்தாள். தாய் அதைக் கண்டாள். கண்டும் ஒன்றும் தோன்றவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை சம்பந்தம் பேச வருகிறார்கள், பிள்ளைக்கு அந்த யோசனை என்று நினைத்துக்கொண்டாள்.

“ஒரு ஆம்பிளை நிண்டா நல்லம்,” என்றாள் விதுர்ஷா. “பொம்பிளையப் பொம்பிளை பிடிச்சா விளையாட்டாப் போயிரும்.”

வாசலில் நின்றான் ரதீஸ். ஒலிபெருக்கியை லேண்ட் மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியவன் அவன்தான். இலட்சுமிப்பிள்ளையின் அண்ணன் வினாயகமூர்த்தியின் மகன். வெள்ளிக்கிழமை பேச இருந்த சம்பந்தமும் அவனோடுதான். தாய்மாமன் மகனென்றால் பிறந்த நாளிலிருந்தே மச்சான், முறை மாப்பிள்ளை. மச்சான் மச்சாளைப் பகிடி பண்ணுவான், பின்னலைப் பிடித்து இழுப்பான், கிள்ளுவான். அந்த ஊர்களில் அதற்கு வழக்குப் பேச முடியாது. கோபிக்கிற மச்சாளைத்தான் சனம் ஒரு மாதிரிப் பார்க்கும்.

“மருமகன், இஞ்ச வாங்க!” என்று கூப்பிட்டாள் இலட்சுமிப்பிள்ளை. அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டு, சிரித்தபடி உள்ளே வந்தான்.

“தனுஷியாவப் பிடிக்கட்டும் கா! முறைக்காரிதானே!” என்று பின்னாலிருந்து ஒருத்தி சத்தம் வைத்தாள்.

இலட்சுமிப்பிள்ளையின் நாக்கு சும்மா இருக்குமா? “எழும்பு மகள்,” என்றாள் மைக்கில். “வெள்ளிக்கிழமைக்கு முன்னுக்கு ஒருக்கா ஒத்திகை பாப்பம்.”

அந்தச் சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் எடுத்தது. தனுஷியா எழும்பி வந்து நின்றாள். ரதீஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

அவள் திருப்பவில்லை, இழுக்கவுமில்லை. கை அவன் பிடிக்குள் ஈரத் துணி மாதிரித் தொங்கியது. “தங்கச்சி, பெருவிரல் பக்கம்,” என்றாள் விதுர்ஷா. தனுஷியாவுக்கு அது கேட்டதாகவே தெரியவில்லை. அவள் தாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“புள்ளைக்கு வெக்கம்!” என்றாள் இலட்சுமிப்பிள்ளை.

ஐம்பது பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். ரதீசும் சிரித்தான். சிரித்துக்கொண்டே அவளை இன்னும் அரை அடி தன் பக்கம் இழுத்து, மற்றக் கையை அவள் தோளில் போட்டான்.

“தம்பி, கைய விடுங்க,” என்றாள் விதுர்ஷா.

“பயிற்சிதானே மிஸ்.”

“விடுங்க எண்டு சொன்னன்.”

விட்டான். ஆனால் அவன் விடுவதற்கு எடுத்த அந்த ஒரு கணத்துக்குள் இலட்சுமிப்பிள்ளை மகளின் கண்ணைப் பார்த்துவிட்டாள். இந்தப் பார்வையை அவள் முன்பும் ஒரு தடவை கண்டிருக்கிறாள்.

மாசி மாதம், பெரும்போக நெல்வெட்டு நேரம். தனுஷியாவின் தகப்பன் கட்டாரில் சாரதி. அவர்களுடைய வயலையும் சேர்த்து வினாயகமூர்த்திதான் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானச் சோற்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வயல் வட்டைக்குப் போன பிள்ளை, அரை மணித்தியாலத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். சட்டைக் கை தோளோடு பிரிந்திருந்தது. வயல் வாடிக் குடிசைக்குள் சோற்றை வைக்கக் குனிந்தபோது ரதீஸ் பின்னால் வந்து கட்டிப் பிடித்தான், வாயைப் பொத்தினான், கடித்துவிட்டு ஓடி வந்தேன் என்று நடுங்கி நடுங்கிச் சொன்னாள். சொல்லிவிட்டு இப்படித்தான் தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தாய் என்ன செய்தாள்? சிரித்தாள். வேலியே பயிரை மேய்ந்தது என்று சொல்வார்கள். இங்கே வேலி பயிரைப் பார்த்துச் சிரித்தது.

“மச்சான் பகிடி விட்டா இப்பிடியா கா பயப்பிடுற? கட்டப் போறவன்தானே. சோத்துச் சட்டி எங்க?”

அதோடு விட்டிருந்தாலும் பாவத்தில் பாதி குறைந்திருக்கும். அன்று பின்னேரமே அண்ணன் வீட்டுக்குப் போய், முற்றத்தில் எல்லோருக்கும் முன்னால் அதை நடித்தே காட்டினாள். மகள் சட்டியைப் போட்டது, சைக்கிளில் ஏறத் தெரியாமல் ஏறியது, மூச்சு வாங்கியது எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் காட்டினாள். அண்ணனுக்குச் சிரித்துப் புரையேறியது. அண்ணன் மனைவி, அவளுக்கு மச்சாள், சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரதீஸ் முதலில் தலையைக் குனிந்தான். எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று கண்டதும் நிமிர்ந்து அவனும் சிரித்தான். தாயைக் கூட்டிப்போக வந்த தனுஷியா வாசல் படலையடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றதை இலட்சுமிப்பிள்ளை கண்டாள். “வா மகள், உன்ட கதைதான் போகுது,” என்று கூப்பிட்டாளே பாவி!

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை வட்டைப் பக்கம் போகவில்லை. அரைக்கைச் சட்டை போடவில்லை. மாமன் வீட்டு வழியை விட்டுச் சுற்றி வாவிக் கரை வழியாகப் பஸ்ஸுக்கு நடந்தாள். இலட்சுமிப்பிள்ளை ஊரெல்லாம் சொன்னாள், மாப்பிள்ளையைக் கண்டால் பிள்ளைக்கு வெட்கம் என்று.

விதுர்ஷா ரதீசை வெளியே அனுப்பிவிட்டு வாசல் கதவைச் சாத்தினாள். பெண்கள் நடுவில் அவளும் நிலத்தில் சம்மாணம் கட்டி இருந்தாள்.

“கையத் திருப்பிறதெல்லாம் பொறகு பழகலாம். முதல் ஒரு கேள்வி. உங்களுக்கு ஒண்டு நடந்தா ஆர்ட்டப் போய்ச் சொல்லுவீங்க?”

“அம்மாட்டத்தான்,” என்றாள் ஒருத்தி. “அம்மாட்ட,” “அம்மாட்டத்தானே மிஸ்,” என்று நாலைந்து குரல் வந்தது.

“நான் சொன்னனான் மிஸ்,” என்றாள் தனுஷியா. “அம்மா சிரிச்சவ.”

அவள் கத்தவில்லை, அழவுமில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதைப் போலத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. மைக் அணைக்கப்படாமல் இலட்சுமிப்பிள்ளையின் நெஞ்சோடு கிடந்தது. அவள் மூச்சு வாங்குகிற சத்தம் ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்டது.

முதலில் வாயைத் திறந்தது பயிற்சிக்கு வந்திருந்த அண்ணன் மனைவி, ரதீசின் தாய். “என்ன கா புள்ள சொல்லுது? நம்மட ரதீஸையா? மச்சான் முறைக்குள்ள இதெல்லாம் ஒரு கதையா?” என்று எழும்பி நின்றாள். பிறகு இலட்சுமிப்பிள்ளையின் பக்கம் திரும்பினாள். “ஏன் கா பேசாம நிக்கிற? நீதானே அண்டைக்கு எங்கட முத்தத்தில வந்து நடிச்சுக் காட்டின? பெத்த தாய் நீயே சிரிச்சா, எங்களுக்கு என்ன கா தெரியும்?”

ஐம்பது முகம் இலட்சுமிப்பிள்ளையைப் பார்த்தது. சிரிக்க வைத்தே பழகிய முகங்கள். தலையைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை அவளுக்கு. மச்சாள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுதான் நெருப்பாகச் சுட்டது. பொய்யாக இருந்தால் சண்டை பிடித்திருப்பாள், சண்டையில் அவளை வெல்ல யார் இருக்கிறார்கள்?

“ஓம்,” என்றாள். தன் குரல் ஒலிபெருக்கியில் வந்ததைக் கேட்டுத் தானே திடுக்கிட்டாள். ஆனாலும் மைக்கைக் கீழே வைக்கவில்லை. பகிடியை எப்படி எல்லோருக்கும் கேட்கச் சொன்னாளோ, இதையும் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. “நான்தான் நடிச்சுக் காட்டினன். புள்ள கிழிஞ்ச சட்டையோட வந்து சொல்லிச்சு. அவன் வாயப் பொத்தினான் எண்டும் சொல்லிச்சு. நான் அத உங்க ஒருத்தருக்கும் சொல்லல்ல. சிரிப்பு வாற பக்கத்த மட்டும்தான் நடிச்சன்.”

அண்ணன் மனைவியின் பக்கம் திரும்பினாள்.

“வெள்ளிக்கிழமை வராதீங்க மச்சாள். அண்ணனிட்ட நானே வந்து சொல்றன். அண்ணன் பாக்காம சிறுபோகத்துக்கு வயல் தரிசாக் கிடந்தாலும் பரவாயில்ல.”

மச்சாள் செருப்பையும் மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறினாள். இரண்டு பெண்கள் அவள் பின்னால் போனார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி எழும்பி வந்து தனுஷியாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ‘முறைக்காரிதானே’ என்று சத்தம் வைத்தவள்தான் அவள்.

பெரிய தியாகம் செய்துவிட்டதாக இலட்சுமிப்பிள்ளைக்கு ஒரு கணமும் தோன்றவில்லை. தாய் என்கிறவள் மாசி மாதத்திலேயே வீட்டு வாசலில் வைத்துச் சொல்லியிருக்க வேண்டிய சொல் அது. அதைச் சொல்ல அவளுக்கு இரண்டு மாதமும் ஐம்பது சாட்சியும் தேவைப்பட்டிருக்கிறது. அந்த நினைப்பு வீட்டுக்குப் போகிற வழி நெடுக அவளைத் தின்றது. மகள் பத்தடி முன்னால் நடந்தாள். இலட்சுமிப்பிள்ளை எட்டிப் பிடிக்க முயலவில்லை.

பொழுதுபட்டு, விளக்கு வைத்து முடிந்தது. அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டும் வந்தாயிற்று. வினாயகமூர்த்தி எழும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அவர் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குசினிக்குள் அவள் சும்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, தனுஷியா உள்ளே வந்தாள். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தாள்.

“கையப் பிடிங்க,” என்றாள்.

“மகள், நான் அண்டைக்கு...”

“அது பொறகு. கையப் பிடிங்க.”

இலட்சுமிப்பிள்ளை பிடித்தாள். முதல் தடவை மகள் தடுமாறினாள். இரண்டாம் தடவை பெருவிரல் பக்கம் திருப்பி, முழங்கையை முன்னுக்குக் கொண்டுவந்து, ஒரே வெட்டாக எடுத்தாள். “விடு!” என்றாள். கட்டடத்தில் வராத சத்தம் குசினியில் வந்தது.

“இன்னும் இறுக்கி.”

இறுக்கிப் பிடித்தாள். அப்போதும் எடுத்தாள். நாலைந்து தடவை அப்படியே நடந்தது. தாய்க்கு உள்ளங்கை எரிந்தது. அந்த எரிவு அவளுக்கு வேண்டியிருந்தது.

“இப்ப சிரிச்சிட்டுப் பிடிங்க.”

“என்ன மகள்?”

“அவன் பிடிச்சா என்ட கை வேலை செய்யும் அம்மா. அண்டைக்கு வாடியில கடிச்சுப்போட்டு வந்தவள்தானே நான். இண்டைக்கு நீங்க எல்லாரும் சிரிச்ச நேரம்தான் கை செத்துப் போச்சு. நான் பழக வேண்டியது அதுக்குத்தான்.” மணிக்கட்டை நீட்டினாள். “சிரிங்க.”

செத்த வீட்டில் நாலு பேரைச் சிரிக்க வைக்கிற இலட்சுமிப்பிள்ளை மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். உதடு கோணியது. சிரிப்பென்று வெளியே வந்தது விம்மல்தான்.

“இப்பிடியில்ல,” என்றாள் தனுஷியா. கையை எடுக்காமல் பொறுமையாகக் காத்துக்கொண்டு நின்றாள். “மாமாட முத்தத்தில சிரிச்ச மாதிரி.”