வாம்பட்டின் உழைப்பு

ஓய்வுபெறும் மாதம் உயிரியல் பூங்கா இயக்குநரை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர்தான் அதை நெருங்குவதாக இல்லை. பூங்காவை நடத்தும் அறக்கட்டளையின் தலைவி மனசு வைத்தால் பதவி நீட்டிப்பு கிடைக்கும். புதிய கூண்டைத் திறந்துவைக்கத் தலைவி வருகிறார். ஓர் உரையாற்றி அவரை வளைத்துவிடலாம் என்று இயக்குநர் கணக்குப் போட்டார்.

உரையின் பொருள், ஆஸ்திரேலிய விலங்குகளான கோலாவும் வாம்பட்டும். இரண்டும் வயிற்றுப்பையில் குட்டி சுமக்கிற இனம், பங்காளிகள். கோலா மரக்கிளையில் நாள் முழுக்கத் தூங்குகிறது, வாம்பட் மண்ணுக்கடியில் வளை தோண்டுகிறது. சோம்பேறி, உழைப்பாளி. உழைப்பாளி என்பது யாரைக் குறிக்கிறது என்று சபைக்கே புரியும். புரியாவிட்டால் தன் மார்பைத் தொட்டுக்காட்டவும் தயாராக இருந்தார்.

வித்தியாசம் ஒரே பார்வையில் பட வேண்டுமென்று இரண்டையும் ஒரே கூண்டில் விடச் சொன்னார். நடுவில் ஒரு யூகலிப்டஸ் மரம்.

“வேண்டாம் சார்,” என்றார் மிருக டாக்டரம்மா. “வாம்பட் கண்ட எடத்துல தோண்டும்.”

“தோண்டட்டும்மா. உழைக்கிறவன் கையைக் கட்டலாமா?”

“கோலாவும் சோம்பேறி இல்ல சார். அது திங்கிற இலையில சத்தே கிடையாது. அதைச் செரிக்கவே அவ்வளவு தூக்கம் வேணும்.”

“அப்போ நம்ம ஆபீஸ்ல தூங்கறவங்களுக்கும் சத்துக்குறைவுதானா?”

“கேன்டீன்ல ஒரு நாள் சாப்பிட்டுப் பாருங்க சார்.”

தினமும் காலையில் மரத்தடியில் புதுமண் குவிந்திருந்தது. இயக்குநர் அதைப் பெற்ற பிள்ளையின் மார்க்கைப் போலப் பார்த்துப் பூரித்தார். வாம்பட்டின் சாணம் சதுரக்கட்டிகளாக விழுவதைக் கண்டு, ‘கழிவிலும் ஒழுங்கு’ என்று உரையில் ஒரு பத்தி சேர்த்தார். அதன் பை பின்புறம் திறப்பது, தோண்டும்போது குட்டிமேல் மண் விழாதிருக்க. அதற்கு ‘நிர்வாகத் தொலைநோக்கு’ என்று பெயர் வைத்தார். சோம்பேறிக் கோலாவின் பையும் கீழ்நோக்கித்தான் திறக்கும் என்பதைச் சௌகரியமாக மறந்தார்.

வீட்டில் காலைச் சாப்பாட்டின்போது உரைக்கு ஒத்திகை நடந்தது. “அந்தச் சாணிப் பத்தியை மட்டும் நான் சாப்பிட்டு எழுந்தப்புறம் சொல்லுங்க,” என்றாள் மனைவி.

திறப்புவிழா முற்பகலில். “இதோ, உழைப்பின் உருவம்!” என்று இயக்குநர் கையை நீட்டினார். அங்கே ஒரு பொந்து மட்டும் இருந்தது.

“எங்க சார்?” என்றார் தலைவி.

“உள்ள இருக்கு மேடம்.”

“என்ன பண்ணுது?”

இயக்குநர் டாக்டரம்மாவைப் பார்த்தார்.

“தூங்குது மேடம்,” என்றார் டாக்டரம்மா. “பகல்ல அதுவும் தூங்கத்தான் செய்யும்.”

இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டு ‘கழிவிலும் ஒழுங்கு’க்குத் தாவினார். அப்போது மரம் சாய்ந்தது. சடாரென்று அல்ல, பழைய குமாஸ்தா மேலதிகாரிக்குக் கும்பிடு போடுவதுபோல நிதானமாகக் குனிந்து, பின்சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டது. கோலா ஒரு கண்ணைத் திறந்தது, அடுத்த கிளைக்கு நகர்ந்தது, மறுபடி தூங்கிவிட்டது.

தலைவி எட்டிப் பார்த்தார். மரத்தடியில் வேர் ஒன்றும் மிச்சமில்லை.

“உழைச்சு உழைச்சு அடுத்தவன் வீட்டைச் சாய்ச்சிருக்கே,” என்றார். பிறகு இயக்குநர் பக்கம் திரும்பினார். குரலில் உண்மையாகவே கனிவு இருந்தது. “நீங்களும் நிறைய உழைச்சுட்டீங்க சார். இனிமேயாவது ரெஸ்ட் எடுங்க.”

கைதட்டல் முதலில் ஊழியர் வரிசையிலிருந்துதான் வந்தது. கடைசியில் ஓய்ந்ததும் அங்கேதான். இயக்குநரின் கையில் உரை இன்னும் பாதி மிச்சமிருந்தது.