கேட்பார் இல்லையா?

அப்பாவின் கைபேசியை அணைக்கப் போன மகளின் கையை அம்மா பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்டி. கத்தட்டும்."

காலையிலேயே அடக்கம் முடிந்து, வந்தவர்கள் கலைந்து, வாடகை நாற்காலிகளையும் எடுத்துப் போயாகிவிட்டது. கட்டிலில் அப்பா படுக்கும் பக்கத்தில் அவர் கைபேசி மட்டும் ஓயாமல் சிணுங்கிக்கொண்டிருந்தது. மகள் அதைச் சார்ஜில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

அப்பாவுக்குத் தெருவில் புகார்ப்பெட்டி என்று பெயர். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். காலையில் எழுந்ததும் பேட்டைவாசிகளின் இணையப் பக்கத்தில் ஒரு புகார் எழுதாவிட்டால் அவருக்குத் தேநீர் தொண்டையில் இறங்காது. சாக்கடை மூடி, பட்டப்பகலில் எரியும் தெருவிளக்கு, பூங்காவில் கால் உடைந்த பெஞ்சு, ஒன்றையும் விட்டதில்லை. எல்லாமே "கேட்பார் இல்லையா?" என்றுதான் ஆரம்பிக்கும். திட்டித் தீர்த்துவிட்டுக் கீழே வீட்டு எண்ணையும் போடுவார், சண்டைக்கு வருகிறவன் தெருத்தெருவாக அலையக் கூடாதே என்று.

மகளின் பிழைப்பும் அந்த மாதிரிப் பக்கங்களில்தான். ஜனங்கள் எழுதுவதையெல்லாம் திரட்டி, எந்தப் பகுதியில் மனநிலை எப்படி மாறுகிறது என்று வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டும் அலுவலகம். கோடு சரிந்தால் ஏன் என்று சொல்ல வேண்டியது அவள் பொறுப்பு. அந்தச் சின்னப் பேட்டையின் மனநிலைக் கோட்டை அப்பா ஒருவரே கீழே இழுத்துக்கொண்டிருந்தார். எந்நேரமும் திட்டுகிறவர் இன்றைக்கும் திட்டினால் அதில் என்ன மாற்றம் தெரியப்போகிறது? தொழில்படி அது சரிதான். அவர் எழுதுவது கணக்கில் வராமல் விலக்கி வைத்தாள்.

"நான் எழுதறது உன் கோட்டுல தெரியுதா?" என்று ஒருநாள் கேட்டார்.

"தெரியாம இருக்குமாப்பா?"

அன்றைக்கு அவருக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியில் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி நர்ஸிடம்கூட அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டார். பக்கத்தில் நின்ற மகளுக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. இனி சொல்லவும் முடியாது என்பதுதான் அவளைப் போட்டு அரித்தது.

அவளுடைய கைபேசி அடித்தது. அலுவலகத்தில் பக்கத்து இருக்கைப் பெண். இந்த நேரத்தில் தொந்தரவு செய்வதற்கு ஆயிரம் மன்னிப்புக் கேட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

"உங்க ஏரியாலதான்க்கா. மத்தியானத்துலேர்ந்து ஒரே கோபம், கோடு தலைகுப்புற விழுந்துடுச்சு. தண்ணி வருது, கரண்ட் இருக்கு, காரணமே பிடிபடல. எல்லாரும் 'கேட்பார் இல்லையா'ன்னே ஆரம்பிக்கறாங்க. யாரோ தூண்டி விடறாங்க போல. இதை முதல்ல எழுதினது யாருன்னு தேடினா கிடைக்கவே மாட்டேங்குது."

மகள் எழுந்து அப்பாவின் கைபேசியை எடுத்துப் பேட்டைப் பக்கத்தைத் திறந்தாள்.

கேட்பார் இல்லையா? தெருவிளக்கு இன்றும் பகலில் எரிகிறது. திட்ட வேண்டியவர் இல்லாததால் நான் திட்டுகிறேன். இது மருந்துக்கடைக்காரர். கேட்பார் இல்லையா? போராடி பெஞ்சுக்குக் கால் வாங்கிக் கொடுத்தவர் அதில் ஒருநாள் உட்காராமல் போய்விட்டார். இது முடிதிருத்துகிறவர். கேட்பார் இல்லையா? ஒரு மாதமாக அவர் எழுதவில்லை, நம்மில் ஒருவராவது போய்ப் பார்த்தோமா? இது அவரோடு எப்போதும் மல்லுக்கு நின்ற மாடிவீட்டுக்காரர். ஒவ்வொன்றின் கீழும் வீட்டு எண் இருந்தது.

அடக்கத்தின்போது வராத அழுகை இப்போது வந்தது. அவள் அதை அடக்கவில்லை. எதிர்முனை காத்திருந்தது.

"முதல்ல எழுதினவர் கிடைக்கமாட்டார்" என்றாள். "நான்தான் கணக்குலேர்ந்து எடுத்துட்டேன். அது எங்கப்பா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே தொடர்ந்தாள்.

"கோபம் இல்ல. துக்கம்னு மாத்திடு. அப்பா எழுதினதையும் திருப்பிச் சேர்த்துடு."

"சேர்த்தா கோடு இன்னும் கீழ போகுமேக்கா."

"போகட்டும்."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எப்ப பழைய நிலைக்கு வரும்னும் போடணுமே. துக்கம்னா ரெண்டு நாள்ல அடங்கிடும்னுதான் நீங்க எப்பவும் சொல்வீங்க. அப்படியே போட்டுடவா?"

அம்மா கட்டிலில் ஒரு ஓரமாக ஒதுங்கி, வழக்கமான தன் பாதியில் படுத்திருந்தாள். கையை நீட்டி மகளிடமிருந்து அப்பாவின் கைபேசியை வாங்கி, மறுபக்கத்தில் அவருடைய தலையணையில் வைத்தாள். அது மறுபடி சிணுங்கியது.

"நாள் போடற இடத்தைக் காலியா விட்டுடு" என்றாள் மகள் தன் கைபேசியில்.