பை காவல்

செல்வநாயகி ஒரே வாரத்தில் மூன்று முறை நூர் முகம்மது பாயின் செருப்புக் கடைக்குப் போய், மூன்று முறையும் வெறுங்கையோடு திரும்பி வந்தாள் என்றால் தெரு சும்மா இருக்குமா? மகளுக்கு வரன் பார்க்கிறார்கள், அதற்குத்தான் செருப்பு என்றார்கள் சிலர். அவளுக்கு மகளே கிடையாது என்பதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

விஷயம் கடல். அவள் வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனியில் மே மாதம் சூளைக்கு ஐந்து நாள் ஓய்வு கொடுப்பார்கள். பொம்மைக்கு ஸ்பாஞ்ச் போட்டுத் துடைக்கிற பெண்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வேன் பிடித்து தேவனாம்பட்டினம் பீச்சுக்குப் போய் வருவார்கள். செல்வநாயகிக்குக் கடல் என்றால் உயிர். முழங்கால் வரைக்கும் போவாள். இடுப்பு வரைக்கும் போனதாகப் பிறகு சொல்வாள்.

இரண்டு வருஷம் முன்னால் அங்கேதான் கிளிஞ்சல் கிழித்தது. சர்க்கரை வந்து கால் மரத்துப் போயிருந்ததால் அவளுக்குத் தெரியவே இல்லை. வேனில் ஏறி உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தவளிடம், கூட வேலை பார்க்கும் தங்கம்மாள்தான், “யக்கா, என்னா இது, ரத்தமா?” என்று அலறினாள். ஆற மூன்று மாதம் ஆயிற்று. இனி வீட்டுக்குள்ளே கூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

போன வருஷம் அவள் மணலில் உட்கார்ந்திருந்தாள். பதினோரு பை, ஏழு செல்போன், ஒரு தூக்குவாளி, தங்கம்மாள் கழற்றி வைத்த கொலுசு. எல்லோரும் தண்ணீரில் கிடந்து கத்த, இவள் காவல். அன்றிலிருந்து கம்பெனியில் அவளுக்கு ‘பை காவல்’ என்றே பேர். இந்த வருஷம் வேனுக்குப் பேர் எழுதும்போது, “பைய பாத்துக்க ஆள் இருக்குது, பயப்படாம நகை போட்டுக்கினு வாங்கடி” என்றாள் தங்கம்மாள். கால் சின்னது அவளுக்கு; வாய் அப்படியில்லை. எல்லோரும் சிரித்தார்கள், செல்வநாயகியும் சிரித்தாள். சாயந்திரம் நேராகச் செருப்புக் கடைக்குப் போய்விட்டாள். தண்ணீரில் இறங்க வழி பிறந்தால் போவது, இல்லையென்றால் வேனிலேயே ஏறுவதில்லை என்று முடிவு.

சாதாரண ரப்பர் செருப்பு முதல் அலையிலேயே கழன்று புதுச்சேரிப் பக்கம் போய்விடும். கேன்வாஸ் ஷூ போட்டால் ஆளுக்கு இரண்டு வாளி தண்ணீரைச் சுமந்துகொண்டு நடக்க வேண்டும். நூர் முகம்மதின் மகள் சாதிகா, பி.காம். முடித்துவிட்டுக் கடையில் ஆன்லைன் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்கிறவள், செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள்.

“இதுக்குப் பேரு பேர்ஃபுட் ஷூ, அம்மா.”

“அப்படின்னா?”

“வெறுங்கால் ஷூ.”

“ஏம்மா, வெறுங்காலோட நடக்கக் கூடாதுன்னுதான் உங்க கடைக்கு வந்திருக்கேன். என் காலையே எனக்கு விக்கப் பாக்குறியே!”

சாதிகா சிரித்தாளே தவிர விடவில்லை. “விரல் பக்கம் அகலமா இருக்கும், நெருக்காது. குதிகால்ல ஏத்தம் இல்ல, மடக்கினா மடங்கும், அதனால வழுக்காம நிக்கலாம். பூந்த தண்ணி பூந்த வழியா வெளிய போயிடும். குதிகாலைக் கவ்விப் பிடிச்சிக்கும், அலை இழுத்தாலும் வராது. உங்களுக்கு மட்டும் ரொம்ப மெல்லிசு வேணாம். கிளிஞ்சல் ஏறாத அளவுக்கு அடி இருக்கணும், விரலும் மூடியிருக்கணும். எங்க, காலை நீட்டுங்க, அளந்துடலாம்.”

இங்கேதான் வண்டி நின்றது. செல்வநாயகி காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். வெடித்த குதிகால், இஞ்சிக் கிழங்கு மாதிரி ஆளுக்கொரு பக்கம் போன விரல்கள், போதாததற்குத் தழும்பு. அதைக் கடைக்கு வந்த நாலு பேர் முன்னால் நீட்டுவதா? மூன்று முறை போனாள், மூன்று முறையும் கால் வெளியே வரவில்லை. கடைசியில் பாய்தான், “பேப்பர்ல கால வெச்சு வரைஞ்சு கொடுத்தனுப்புங்கம்மா, போதும்” என்றார்.

செல்வநாயகியின் வீட்டுக்காரர் கொளஞ்சிநாதன் இன்னொரு பீங்கான் கம்பெனியில் அச்சு மேஸ்திரி. இருபத்தெட்டு வருஷமாகப் பொம்மைக்கும் பியூஸ் கட்டைக்கும் அச்சு செய்கிறவரிடம் போய்ப் பேப்பர் என்றால் பொறுப்பாரா?

“பேப்பர்ல பென்சில் சாயும். அளவப் பத்தி எனக்கே சொல்றாரா பாயி?”

மறுநாள் ஈரச் சாக்கில் சுற்றி ஒரு பலகை அளவு களிமண் வந்து இறங்கியது. வாசலில் வைத்து, அவள் தோளைப் பிடித்து ஏற்றி நிறுத்தினார். மரத்த பாதத்துக்கு மண்ணின் சில்லிப்பு தெரியவில்லை. எடுத்துப் பார்த்தால் ஐந்து விரல், குதிகால், தழும்பின் கோடு உட்பட அச்சு அசலாக விழுந்திருந்தது. “பாரு, என்னா லட்சணமா இருக்குது” என்றார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர் அவளைப் பார்த்து அப்படிச் சொன்னதில்லை. இப்போதும் மண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். எதிர் வீட்டு அன்புக்கரசி எட்டிப் பார்த்து, “கோகுலாஷ்டமிக்கு இன்னும் நாள் இருக்குதே, அதுக்குள்ள கிருஷ்ணர் பாதமா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பச்சை மண் ஸ்கூட்டரில் நசுங்கிவிடும் என்று மூன்று நாள் மாடியில் காய வைத்தார். காய்ந்தது உடையும் என்று கம்பெனிக்கு எடுத்துப் போய், பியூஸ் கட்டைகளோடு சேர்த்துச் சூளையிலும் சுட்டுவிட்டார். கல் மாதிரி ஆன பாதத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் பாய் கடை மேசையில் வைத்தார். சாதிகா டேப் வைத்துப் பார்த்தாள். இருபத்திரண்டரை சென்டிமீட்டர்.

நூர் முகம்மது புருவத்தைத் தூக்கினார். “அம்மாவுக்கு அவ்ளோ சின்னக் காலா?”

“பாய், தழும்பே விழுந்திருக்குது. இதுலயுமா சந்தேகம்?”

ஆர்டர் போனது. நீல நிற ஷூ, வேன் கிளம்புவதற்கு முதல் நாள் காலை வந்து சேர்ந்தது. செல்வநாயகி சோப்புத் தண்ணீர் தடவித் திணித்து உள்ளே தள்ளினாள். உள்ளே போனது. வலிக்கவில்லை.

“எப்படி இருக்குது?”

“சரியா இருக்குதுங்க.”

“அச்சுன்னா அச்சு” என்று அவர் டீ குடிக்கப் போனார். தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் குடித்திருப்பார்.

அரை மணி நேரம் வீட்டுக்குள்ளேயே நடந்து பழகிவிட்டுக் கழற்றினாள். தினமும் காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும் என்பது டாக்டர் போட்ட சட்டம். பார்த்தாள். சுண்டு விரல் பக்கத்து விரலின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் தோல் சிவந்து, இன்னும் கொஞ்ச நேரம் போட்டிருந்தால் கொப்புளம். கால் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கண்தான் சொன்னது.

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சொன்னால் நாளைக்குப் பதினோரு பை. சொல்லாவிட்டால் ஒரு நாள் கடல், அப்புறம் மூன்று மாதம் கட்டு. அதுவும் மூன்று மாதத்தோடு நின்றால். ஒரே நாள்தானே என்று ஷூவைப் பைக்குள் வைத்தாள். வெளியே எடுத்தாள். திரும்ப வைத்தாள்.

டி.வி. பக்கத்தில், சுட்ட பாதத்தைக் கொளஞ்சிநாதன் பரிசுக் கோப்பை மாதிரி நிறுத்தி வைத்திருந்தார். அதை எடுத்துத் தரையில் வைத்து, என்ன தோன்றியதோ, தன் காலை அதில் பொருத்தினாள். குதிகாலைச் சேர்த்தால் விரல்கள் வெளியே நின்றன. விரல்களைச் சேர்த்தால் குதிகால் வெளியே நின்றது. சொந்தக் கால் சொந்தத் தடத்தில் பொருந்தவில்லை.

கொளஞ்சிநாதன் உள்ளே வந்தார்.

“ஏங்க, மண்ணு காஞ்சு சுட்டா எவ்ளோ சுருங்கும்?”

“நூத்துக்குப் பத்து. அதுக்கு எடம் விட்டுத்தான் அச்சே பெருசா போடுவோம், இதுகூடத் தெ…”

அந்த ‘தெ’ அங்கேயே நின்றுவிட்டது. தரையிலிருந்த பாதத்தைப் பார்த்தார். அதன் மேலிருந்த அவள் பாதத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து அந்தச் சிவந்த சுண்டு விரலைப் பார்த்தார். இருபத்தெட்டு வருஷ மேஸ்திரியின் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது.

“சரியா இருக்குதுன்னு சொன்னியே, செல்வா.”

“சொன்னாத்தான் பைய பாத்துக்கச் சொல்லுவீங்களே.”

அவர் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். “ஏறு.”

பாய் கடையில் அவரைப் பார்த்ததும் சாதிகா, “அடுத்த அச்சா?” என்றாள்.

“இல்லம்மா. இந்தத் தடவ காலையே கொண்டாந்துட்டேன்.”

மறுபடி வரவழைக்க ஒரு வாரம் ஆகும். சாதிகா பரணில் ஏறி, மழைக்காலத்துக்கு வாங்கி விற்காமல் கிடந்த ஆம்பளை சாண்டல் ஒன்றை இறக்கினாள். சாம்பல் நிறம், முன்னால் மூடி, பக்கமெல்லாம் ஓட்டை, பின்னால் இழுத்துக் கட்டும் பட்டை. “பாக்கத்தான் அழகில்ல. ஆனா நீல ஷூவுக்கு இது ஒண்ணுவிட்ட அண்ணன், அம்மா.” மடக்கிக் காட்டினாள், மடங்கியது. அடியைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். “இப்ப நீட்டுங்க.”

கடையில் மூன்று பேர் நின்றார்கள். செல்வநாயகி புடவையைக் கொஞ்சம் தூக்கி, காலை நீட்டினாள். வானம் இடிந்து விழவில்லை. பாய் மட்டும் மெதுவாக, “நான் அப்பவே நெனச்சேன், இருபத்தஞ்சு” என்றார். விரல் முன்னால் கட்டை விரல் அளவு இடம் இருந்தது. விரல்கள் அவரவர் போக்கில் விரிந்து நின்றன. சாதிகா ஒரு சொம்புத் தண்ணீரைக் காலின் மேலேயே ஊற்றினாள். நாலு பக்கமும் ஒழுகிப் போனது. “போடறதுக்கு முன்னாடி தினம் உள்ள கைய விட்டுப் பாருங்க. அரை மணிக்கு ஒரு தடவ கழட்டிக் காலப் பாருங்க” என்றாள்.

மறுநாள் வேனில் கொளஞ்சிநாதனும் ஏறி உட்கார்ந்ததுதான் தெருவுக்குப் பத்து நாளைக்குத் தீனி. பதினாலு பெண்களுக்கு நடுவில் ஒரே ஆம்பளை. வடலூர் தாண்டும் வரை ஜன்னலை விட்டுத் தலை திருப்பவில்லை. செல்வநாயகி கொடுத்த நீல ஷூ தங்கம்மாள் காலில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. “யாருக்கோ அளவெடுத்து எனக்குச் செஞ்சிருக்காரு மேஸ்திரி” என்று அவள் வழியெல்லாம் காலை ஆட்டிக்கொண்டு வந்தாள்.

பீச்சில் பதினோரு பையும் அவர் மடியைச் சுற்றி இறங்கின. “கொலுசு பத்திரம், மாமா!” என்று கத்திவிட்டு ஓடினாள் தங்கம்மாள்.

செல்வநாயகி தண்ணீரில் இறங்கினாள். அலை வந்து சாண்டலுக்குள் புகுந்து, புகுந்த வழியே போனது. பாதத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. முழங்காலுக்குத் தெரிந்தது, அதற்கு மேலும் தெரிந்தது. இன்றைக்கு நிஜமாகவே இடுப்பு வரைக்கும் போனாள்.

அரை மணி ஆனதும் கரையிலிருந்து அவர் கை காட்டினார். அவள் வந்து நின்றாள். பைகளை ஒதுக்கிவிட்டு, அவள் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பட்டையைக் கழற்றி, துண்டால் துடைத்து, விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தார். தண்ணீரில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் ஓவென்று கூவினார்கள். அவர் காதில் வாங்கவில்லை.

“ஒண்ணுமில்ல” என்றார்.

“நல்லா பாத்தீங்களா?”

“பாத்துட்டேன்.”

அவள் சாண்டலுக்குள் கைவிட்டுத் துழாவி, மணலைத் தட்டி, மாட்டிக்கொண்டாள்.

“அப்ப இன்னொரு தடவ போயிட்டு வரேன். பை பத்திரம்.”