இரண்டு எம்பிராவுக்கு நடுவே

கட்டைவிரலால் இரும்பு நாக்குகளைத் தட்டி வாசிக்கும் எம்பிராவில், முன்செல்லும் மெட்டை ருவிம்போவுக்குச் செகாய் அத்தை கற்றுக்கொடுத்தாள். பின்தொடரும் மெட்டைப் பஸ் டிரைவர் தஃபாரா கற்றுக்கொடுத்தார்.

"இனிமே யாருகிட்ட கத்துக்கப்போற, சொல்லிடு," என்றாள் அத்தை.

"என்கிட்டதான். உங்க அத்தைக்குத் தாளம் நிக்காது."

"பஸ்ஸையே நேரத்துக்கு ஓட்டத் தெரியல, தாளமாம்."

யாரை விட்டாலும் ருவிம்போவுக்குப் பாதிப் பாட்டு போய்விடும். இருவரும் போட்டிக்கு வாசிக்கத் தொடங்கினார்கள்.

அத்தையின் ஒலிகளுக்கு இடையே இருந்த சிறு இடைவெளிகளில் தஃபாராவின் ஒலிகள் விழுந்தன. இரண்டிலும் உச்சச் சுருதியில் ஒலித்தவற்றைக் காது தானே கோத்துக்கொள்ள, யார் விரலும் வாசிக்காத மூன்றாவது மெட்டொன்று முற்றத்து ஜக்கராண்டா மரத்துப் பூக்களினூடே மிதந்து வந்தது. ருவிம்போ கண்மூடி அதை முணுமுணுத்தாள்.

"இதை யாருடி சொல்லிக்குடுத்தா?"

"நிறுத்தாதீங்க அத்தை. ரெண்டு பேரும் வாசிச்சாத்தான் கேக்குது."