கடைசிப் பத்து நிமிடம்

ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் நுழையவில்லை. நேராகத் தள்ளிப் பார்த்தார்கள், ஒருக்களித்துப் பார்த்தார்கள். ஆம்புலன்ஸ் டிரைவர் அதைக் குறுக்கே சாய்த்தபோது கதவுக் கம்பியில் இடித்துச் சுவர்ச் சுண்ணாம்பு உதிர்ந்தது. படிக்கட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். அந்தக் கட்டிடத்தின் படிக்கட்டில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும்.

"உக்கார வச்சுதான் இறக்கணும். உடம்பு விறைக்கறதுக்குள்ள செஞ்சாத்தான் உண்டு," என்றார் டிரைவர்.

எல்லோரும் மருமகளைப் பார்த்தார்கள். மாமாவின் சக்கர நாற்காலியை அந்த லிஃப்டில் ஏற்றும் வித்தை அவளுக்கு மட்டும்தான் தெரியும். கால்பலகையை மடக்கி, பின்பக்கமாக இழுத்து, இடது சக்கரத்தை இரும்புச் சட்டத்தின் மேல் ஒரு தூக்குத் தூக்க வேண்டும். ஆறு வருடங்களாக மாதம் ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போக அப்படித்தான் இறக்கினாள். அவளும் அந்த ஐந்தாவது மாடியைவிட்டு இறங்கியது அந்த நாட்களில் மட்டும்தான்.

"நீயே கூட்டிட்டு வந்துரு. நாங்க ஸ்ட்ரெச்சரோட கீழ நிக்கறோம்," என்றான் அவள் கணவன். இறந்தவரைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னது அவனுக்கே உறைக்கவில்லை. வேலையிடத்திலிருந்து அப்படியே ஓடி வந்தவன். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

மாமாவின் மார்பைச் சுற்றி ஒரு போர்வையை வரிந்து கட்டி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உடம்பு நின்றது, தலை மட்டும் நிற்கவில்லை. அவள் பின்னால் நின்று இரண்டு கையாலும் தலையைத் தாங்கிக்கொண்டாள். மிச்சமிருந்த இடத்தில் டைப்பிஸ்ட் சார் நுழைந்துகொண்டார். அவருக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது, படி ஆகாது. மாமாவின் ஐம்பது வருட சிநேகிதர். இரண்டு பேரும் மின்சார ஆபீசில் ஒன்றாகக் குப்பை கொட்டியவர்கள். இவர் தட்டெழுத்து, மாமா வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிற வேலை. அதனால் டைப்பிஸ்டுக்கு மாமா கடைசி வரை 'மீட்டரு'தான்.

கதவு மூடியது. நாலாவது மாடியைத் தாண்டியதும் விளக்கு அணைந்தது. லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது.

"கரண்ட் போச்சு," என்றார் டைப்பிஸ்ட். பிறகு, தாங்க முடியாமல், "பாத்தியா மீட்டரு, உன் ஆபீஸ்காரனுங்க உன்னையே விடல," என்றார்.

கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் வெறும் சுவர். அதன் உச்சியில் நாலாவது மாடித் தரை ஒரு விரற்கடை உயரத்துக்கு வெளிச்சமாகத் தெரிந்தது. டைப்பிஸ்ட் தம் செல்போனில் அவள் கணவனைக் கூப்பிட்டார். ஜெனரேட்டர் இருக்கிறதாம், சாவி வைத்திருக்கிறவர் சாப்பிடப் போயிருக்கிறாராம், ஆள் அனுப்பியிருக்கிறார்களாம். கால் மணி நேரம், மிஞ்சினால் அரை மணி.

அவளுக்கு மூச்சு முட்டியது. ஆறு வருடம் ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. இறங்குகிற நாள் வந்தபோது இந்தப் பெட்டி. கையை எடுக்கவும் வழியில்லை. எடுத்தால் மாமாவின் தலை தொங்கிவிடும்.

மாமாவின் சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. இறந்தவரின் நெஞ்சு துடிப்பது போலவே இருந்தது.

"நம்ம புதன் கூட்டம்தான். காலைலேருந்து இருநூறு மெசேஜ் வந்திருக்கும்," என்றார் டைப்பிஸ்ட்.

புதன் கூட்டம் என்பது ஒரு பழைய துப்பறியும் தொடரின் ரசிகர் கூட்டம். நாற்பத்தொரு வருடங்களுக்கு முன் புதன்கிழமைதோறும் கறுப்பு வெள்ளையில் வந்தது. வெயிலிலும் குடையோடு அலைகிற ஒரு துப்பறிவாளர், பூட்டிய அறைக்குள் ஒரு பிணம், நாலைந்து பேர் மேல் சந்தேகம், கடைசியில் எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்துக் கொலையாளியைக் காட்டுவார். புதன்கிழமை மாமா மீட்டர் பார்க்கப் போன வீடுகளில் கரண்ட் கணக்கைப் பேசியதைவிடக் குடைக்காரரைப் பற்றிப் பேசியதுதான் அதிகமாம். தொடர் நின்று எத்தனையோ காலமாகியும் கூட்டம் கலையவில்லை. முதலில் கடிதம், அப்புறம் போன், இப்போது வாட்ஸப். பல்லெல்லாம் போன பிறகும் அந்தப் பேச்சு மட்டும் அவர்களுக்கு மெல்ல மெல்லத் தீரவில்லை.

அதில் கடிகாரக்காரர் கொலை என்று ஒரு கதை. முதல் முறை ஒளிபரப்பானபோது கடைசிப் பத்து நிமிடத்தில் ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. மறுநாள் மாமாவை ஒரு வீட்டிலும் உள்ளே விடவில்லை. அந்தக் கதை திரும்ப வரவேயில்லை, ரீல் தொலைந்துவிட்டது என்றார்கள். கொன்றது சமையல்காரி என்று மாமாவும், டாக்டர்தான் என்று டைப்பிஸ்டும் நாற்பத்தொரு வருடம் அடித்துக்கொண்டார்கள். போன மாதம் ஏதோ பழைய அலமாரியில் ரீல் கிடைத்தது. இன்று காலை பதினோரு மணிக்குப் போடுவதாக அறிவித்தார்கள். மாமா மூன்று நாளாகத் தூங்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு வீட்டுப் போன் அடித்தபோது அவள்தான் எடுத்தாள்.

"மீட்டரு! பாத்தியாடா!" என்று கத்தினார் டைப்பிஸ்ட்.

"சார்... மாமா போயிட்டாரு," என்றாள் அவள்.

எப்படி என்று கேட்ட எல்லோருக்கும் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள். டிவி பாத்துக்கிட்டே போயிட்டாரு. முதலில் கணவனிடம் சொன்னாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டு அழுதான். பிறகு நாத்தனாரிடம். நாத்தனார் அதை ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னாள். "நாற்பது வருஷமா காத்திருந்ததை முழுசா பாத்து முடிச்சுட்டு, அப்படியே சாஞ்சுட்டாரு. கொடுத்து வச்சவரு." 'முழுசா' என்ற வார்த்தை அவள் சொன்னதல்ல. ஆனால் மறுக்கவும் இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் அந்தப் பொய் வளர்ந்து, வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஆறுதலாகிவிட்டது. இனி அதை யாரிடமிருந்து பிடுங்குவது?

இருட்டில் டைப்பிஸ்ட் தொண்டையைச் செருமினார்.

"கை வலிக்குதாம்மா?"

"இல்ல சார்."

"ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்காத. எனக்கு இந்தப் புத்தி போக மாட்டேங்குது."

அவள் மாமாவின் தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வந்தப்போ அவன் கண்ணாடி போட்டிருந்தான். டிவி ஆஃப்ல இருந்தது. சரி, நீ அணைச்சிருப்பே, அந்த நேரத்துல யாரு டிவி ஓடட்டும்னு விடுவாங்க. ஆனா தண்ணி குடிக்க சமையல்கட்டுக்குப் போனேன். ரிமோட் ஃபிரிட்ஜ் மேல இருந்தது." அவர் நிறுத்தினார். "ஆள் போயிட்டாருன்னு பதறி அணைக்கறவங்க ரிமோட்டைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜ் மேல வைக்க மாட்டாங்க. அவனுக்கு எட்டக்கூடாதுன்னு வச்ச மாதிரி இருந்தது."

கையில் மாமாவின் தலை கனத்தது. காலையில் அவள் தடவிவிட்ட எண்ணெய் இன்னும் பிசுபிசுத்தது.

"நான் யாருகிட்டயும் சொல்லப் போறதில்ல. எனக்கு ஒண்ணுதான் தெரியணும். அவன் முடிவைப் பாத்தானா?"

எத்தனையோ சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். டைப்பிஸ்டும் நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்திருப்பார். ஆனால் பன்னிரண்டு மணியிலிருந்து அந்த ஒரு பொய்யைச் சுமந்த அலுப்பு, இந்தப் பெட்டி, இந்த இருட்டு. நகர இடமில்லாதபோது பொய்க்கும் இடமில்லாமல் போய்விட்டது.

"பாக்கல சார்," என்றாள்.

பிறகு நிறுத்த முடியவில்லை.

"பதினொன்னரைக்கு மாத்திரை குடுக்கணும். வாயை இறுக்க மூடிக்கிட்டாரு. விளம்பரத்துலன்னாரு. விளம்பரம் வந்துச்சு, அப்பவும் திறக்கல, அந்த டாக்டர் கையில என்ன இருந்துச்சு, நீ பாத்தியான்னு என்னையே கேக்கறாரு. அப்பதான் எனக்கு போன் வந்தது. முன்னாடி நான் வேலை பாத்த பல் ஆஸ்பத்திரி. திங்கட்கிழமையிலேருந்து அரை நாள் வர முடியுமான்னு கேட்டாங்க. ஆறு வருஷத்துக்கு அப்புறம் சார். என்னை ஞாபகம் வச்சுக் கேட்டாங்க. நான் மாமாகிட்ட போய், மதியம் வரைக்கும் தனியா இருந்துக்குவீங்களான்னு கேட்டேன். டிவியிலேருந்து கண்ணை எடுக்காம கையை இப்படித் தூக்குனாரு. சும்மா இருன்னு."

அவள் மூச்சு வாங்கினாள்.

"ரிமோட்டைப் பிடுங்கி அணைச்சுட்டேன். பாத்தது போதும்னு சொன்னேன். சமையல்கட்டுக்குப் போயிட்டேன். அவரு நாற்காலிக் கையை ரெண்டு தடவை தட்டுனாரு. கேட்டுச்சு. நல்லாக் கேட்டுச்சு. கோவத்துல தட்டறாருன்னு நினைச்சேன். தட்டட்டும்னு பாத்திரம் கழுவினேன். பத்து நிமிஷம் கழிச்சு மனசு கேக்காம ரிமோட்டை எடுக்கக் கை தூக்குனேன், அதுக்குள்ள சத்தமே இல்லையேன்னு எட்டிப் பாத்தேன். அந்த ரெண்டு தட்டும் கோவமா, நெஞ்சுவலியான்னு எனக்குத் தெரியாது சார். இனிமே எனக்கு எப்படித் தெரியும்?"

மேலே யாரோ படியில் தடதடவென்று இறங்கும் சத்தம் கேட்டது. மாமாவின் பையில் போன் மறுபடி அதிர்ந்து ஓய்ந்தது. டைப்பிஸ்ட் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

"அணைச்சது எத்தனை மணிக்கு?" என்றார் கடைசியில்.

"பதினொன்னு நாப்பது இருக்கும்."

"படத்துல என்ன ஓடிட்டு இருந்தது?"

"எல்லாரையும் ஹாலுக்குக் கூப்பிட்டாரு, அந்தக் குடைக்காரரு. நாற்காலி போட்டாங்க."

டைப்பிஸ்டின் வாயிலிருந்து வந்தது சிரிப்பா விசும்பலா என்று அவளுக்குப் புரியவில்லை.

"அன்னிக்குக் கரண்ட் போனதும் அந்த இடத்துலதான். அதே நாற்காலி. பாவி, ரெண்டு தடவையும் அந்த ஹால் வாசல்லயே நின்னுட்டான்."

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ என்ன பண்ணுவே. எனக்கு ஒரு மருமக இருந்து, நானும் இப்படி..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டார். பிறகு செல்போன் விளக்கைப் போட்டு நண்பரின் முகத்தைப் பார்த்தார். கண்ணாடி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அதைச் சரியாக ஏற்றிவிட்டார்.

"அவன் தலையை நான் பிடிச்சுக்கறேன். கையை எடு."

"பரவால்ல சார், நான்..."

"எடும்மா. நீ இன்னும் அதைப் பாக்கல இல்ல? அந்தக் கடைசிப் பத்து நிமிஷம்?"

"இல்ல."

"ஞாயித்துக்கிழமை மறுபடி போடறான். நீ உக்காந்து பாக்கணும். எங்க கூட்டத்துல ஒரே ஒரு சட்டம்தான், பாக்காதவங்க காதுல முடிவு விழக்கூடாது. ஒருத்தன் இப்படித்தான் உளறினான்னு நானும் மீட்டரும் ரெண்டு வருஷம் அவன் மூஞ்சியிலயே முழிக்கல." அவர் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, முழங்கால் நோக மாமாவின் பக்கவாட்டில் குனிந்தார். தலையைத் தம் தோளில் சாய்த்துக்கொண்டார். "அதனால நீ காதைப் பொத்திக்க. இறுக்கமா."

அவள் விரல்கள் மரத்துப் போயிருந்தன. இரண்டு உள்ளங்கையையும் காதில் வைத்து அழுத்தினாள். மாமாவின் தலையெண்ணெய் வாசனை முகத்துக்கு அருகே வந்தது.

செல்போன் வெளிச்சத்தில் டைப்பிஸ்டின் உதடுகள் மாமாவின் காதருகே அசைந்தன. முதலில் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக. பிறகு வேகமாக. ஒரு கையைத் தூக்கி யாரையோ சுட்டினார், குடையை ஊன்றுவது போல விரலை ஊன்றினார், நாற்காலிகளை எண்ணினார். ஓரிடத்தில் நிறுத்தி மாமாவின் முகத்தைப் பார்த்தார், இப்போது சொல் பார்ப்போம் என்பது போல. பிறகு தொடர்ந்தார். ஒன்றையும் விட்டுவிடவில்லை. மாமாவின் சட்டைப்பை மட்டும் இருட்டில் நீலமாக மின்னி மின்னி அணைந்தது.

விளக்கு எரிந்தது. லிஃப்ட் ஒரு குலுக்கலோடு இறங்கத் தொடங்கியது. மூன்று, இரண்டு, ஒன்று. டைப்பிஸ்ட் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

கீழே கணவன் கம்பிக் கதவை இழுத்துத் திறந்தான். அவன் பின்னால் நாத்தனாரும் டிரைவரும் நாலைந்து பேரும் கூடி நின்றார்கள். எல்லோருடைய வாயும் அசைந்தது. நாத்தனார் அவளைப் பார்த்ததும் ஓடி வந்து நாற்காலி ஓரமாக எட்டிக் கட்டிக்கொண்டு, காதிலிருந்து அவள் கையை விலக்கப் பார்த்தாள். அவள் விடவில்லை. டைப்பிஸ்டின் உதடுகள் நிற்கட்டும் என்று அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.