பாட்டு வராத சாயங்காலம்

குளக்கரை டிவி பிறந்ததே ஒரு சண்டையில்தான்.

தொண்ணூத்தி நாலாம் வருசம். சிங்காநல்லூரில் பாதி வீடுகளுக்குக் கேபிள் இழுத்து வைத்திருந்த மோகன்குமாரின் ஆபீசுக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை புவனா தடதடவென்று படியேறி வந்தாள். கீழே ஜபருல்லாவின் கேசட் கடை, மாடியில் கேபிள் ரூம். அவள் தெருவில் படம் முடிகிற நேரத்துக்கு டிவி புள்ளி புள்ளியாகப் போய்விட்டதாம்.

"ஏனுங்க, கொலகாரன் யாருன்னு தெரியாம எங்க தெருவே உக்காந்திருக்குது. நீங்க இங்க சாவகாசமா பஜ்ஜி தின்னுட்டிருக்கறீங்ளா?"

எதிர்ச்சாரி சைக்கிள் கடைக்காரர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். மோகன்குமாரோடு உட்கார்ந்து தின்றுகொண்டிருந்த ஜபருல்லா பஜ்ஜியைக் கீழே வைத்தார். "மோகனு, நீ தேடீட்டிருந்த ஆளு தானா வந்து நிக்குது பாரு" என்றார்.

மோகன்குமாருக்குச் சொந்தமாக ஒரு சேனல் நடத்த வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. கேமரா இருந்தது, இரண்டு வீடியோ டெக் இருந்தது, நீலத் துணி மாட்டிய ஒரு சுவரும் இருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்து பேசத்தான் ஆள் இல்லை. அவனே பேசிப் பார்த்ததில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மில் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்த புவனா, சண்டை போட வந்த இடத்தில் வேலை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாள்.

அவள் அப்பா வெள்ளியங்கிரிக்குப் பம்புசெட் பட்டறை. "டிவியில மூஞ்சியக் காட்டுனா எவன் கண்ணு பொண்ணு கேட்டு வருவான்?" என்று ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தார். ஆனால் சாயங்காலம் அவள் முகம் வருகிற நேரத்துக்கு அவருடைய பட்டறையில் ஒரு மிஷினும் ஓடாது.

கல்யாண கேசட், தேர்த்திருவிழா, நகைக்கடை விளம்பரம் என்று ஒரு வருசம் ஓடியது. அடுத்த பொங்கலுக்கு மோகன்குமார் துணிந்துவிட்டான். நேரலை! ஜனங்கள் போன் செய்து பாட்டுக் கேட்கலாம், ஜபருல்லா டெக்கில் போடுவார். ரிசீவரை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தால் பேசுவது ஊருக்கே கேட்கும்.

முதல் போன் வந்தது. "வணக்கமுங்க, டிவி சத்தத்தக் கொஞ்சம் கம்மி பண்ணிக்கிட்டுப் பேசுங்க. என்ன பாட்டு வேணுமுங்க?"

"பாட்டெல்லாம் வேண்டாமுங் அம்மணி. எங்கூட்டுக்காரரு பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில டிவி பாத்துட்டிருப்பாரு. வரும்போது ரவை வாங்கீட்டு வரச் சொல்லுங்."

புவனா கேமராவைப் பார்த்து, ரவை வாங்கிக்கொண்டு போகும்படி சொன்னாள். டீக்கடையில் ஒருவர் எழுந்து ஓடினாராம். அவ்வளவுதான், ஊருக்கு ருசி தெரிந்துவிட்டது. மாடு அவிழ்ந்துகொண்டது, சாவியைக் காணோம், மருமகள் ஆஸ்பத்திரியில் பெண் பெற்றிருக்கிறாள் என்று போன் ஓயவேயில்லை. பாட்டுக் கேட்க ஒருவரும் இல்லை. ஜபருல்லா அவள் பக்கத்திலேயே பிளே பட்டன்மேல் விரலை வைத்தபடி பரிதாபமாக உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் அந்தப் போன். "ஏனம்மணி, உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

புவனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இல்லீங்க. நீங்க ஆருங்க?"

"நான் தெய்வாத்தாளுங் கண்ணு, சென்னிமலை. பொங்கலுக்கு இங்க தங்கச்சி ஊட்டுக்கு வந்தோம். என்ற பையன் பெட்சீட் ஏவாரம் பண்றான். உன்னைப் பாத்ததுலருந்து டிவிய உட்டு நகர மாட்டீங்கறான்."

"அம்மா!" என்று பின்னால் ஓர் ஆண் குரல் அலறியது.

இன்னொருத்தி என்றால் போனை வைத்திருப்பாள். புவனாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "அவருகிட்டயே போனைக் குடுங்க. நானே பேசறேன்."

இழுபறி நடக்கிற சத்தம் ஊருக்கே கேட்டது. கடைசியில் அவன் வந்தான். "தப்பா நெனச்சுக்காதீங்க. என்ற பேரு தம்பிதுரைங்க."

"கல்யாணம் கட்டுனா டிவியில பேசக்கூடாதும்பீங்ளா?"

"ஐயோ, பேசாம இருந்துபோட்டீங்கன்னா நாங்க என்னத்தைப் பாக்கறதுங்க?" அவன் ஒரு மூச்சு வாங்கினான். "ஒரு வார்த்தைங்க. உங்களுக்கு இஷ்டமில்லைன்னா வாயில சொல்ல வேண்டாம். ஒரு பாட்டுப் போட்டிருங்க, நான் புரிஞ்சுக்கறேன்."

பாட்டு என்ற சொல் காதில் விழுந்ததுமே ஜபருல்லாவின் விரல் பட்டனை அழுத்தப் போனது. புவனா யோசிக்கவேயில்லை. கை தானாக நீண்டு அவர் கையில் பளீரென்று ஒரு அடி வைத்தது. நீலத் துணிக்கு வெளியே போய்த் திரும்பிய அந்தக் கையை வீட்டுக்கு வீடு பார்த்தார்கள். "ஆ!" என்ற ஜபருல்லாவின் குரலும் எல்லோருக்கும் கேட்டது. பாட்டு வரவில்லை. புவனா காது வரைக்கும் சிவந்துபோய்க் குனிந்துகொண்டாள்.

தெருவில் விசில் பறந்தது. வெள்ளியங்கிரி கிரீஸ் கையோடு படியேறி ஓடிவந்து, கேமராவுக்கு முதுகைக் காட்டியபடி ரிசீவரைப் பிடுங்கினார். "மாப்ள, நீங்க எந்தக் கூட்டமுங்க?" என்று குலம் விசாரித்தார். மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டதை அவர் கவனிக்கவில்லை. ஊர் கவனித்துவிட்டது.

வைகாசியில் கல்யாணம். மோகன்குமார் மண்டபத்திலிருந்து கேபிள் ரூம் வரைக்கும் மொட்டைமாடி மொட்டைமாடியாக ஒயர் இழுத்து நேரலை கொடுத்தான். தாலி கட்டுகிற நேரம் பார்த்து ஊருக்குள் கரண்டு போய்விட்டது. மண்டபத்தில் ஜெனரேட்டர் இருந்ததால் உள்ளே யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரே கூட்டம். லுங்கியோடும் நைட்டிமேல் போர்த்திய துண்டோடும் சனம் வந்து நின்றது.

"தாலி கட்டியாச்சுங்ளா? கரண்டு போயிருச்சுங்க, ஒண்ணும் பாக்க முடீல."

தெய்வாத்தாளுக்கு மனசு கேட்கவில்லை. "மாலையாவது மறுக்கா மாத்திக்கட்டும்" என்றாள். மாற்றினார்கள். கூட்டம் கைதட்டி, பந்தியில் உட்கார்ந்து, சமையல்காரரை மறுபடி உலை வைக்க வைத்தது. அதற்குள் கரண்டு வந்து, வீட்டிலேயே இருந்தவர்கள் தங்களுக்கும் காட்டச் சொல்லி மண்டபத்து நம்பருக்குப் போன் செய்ய ஆரம்பித்தார்கள்.

புவனா மணக்கோலத்திலேயே மைக்கை வாங்கினாள். "ஊட்டுல இருக்கறவங்க எல்லாரும் டிவி முன்னால வந்து உக்காந்துக்கங்க. இது மூணாவது தடவை, இதுக்கு மேல மாலை தாங்காது!"

தம்பிதுரை கூச்சமெல்லாம் பறந்துபோய், பாதிப் பூ உதிர்ந்த மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தான்.